அம்பலம் ஏறாத சொல்

பத்தடிக்குப் பன்னிரண்டடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் என்றதும் இலங்கை மலையகத்தில் எவரும் சொல்லும் அளவு இது. அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பு என்னும் சிறு திண்ணை, அதன் மூலையில் ஓர் அடுப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வீடு ஒரே வரிசையில். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் இருபது, இருபத்து நான்கு. அத்தனை தலைக்கும் மேலே ஒரே தகரம்.

பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் அந்தத் தகரத்தைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் நம் வீட்டுப் பிள்ளைக்குப் பசிக்கும். அவர்கள் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்றால் நம் தூக்கம் போகும். தவறணையிலிருந்து வருகிறவன் கதவை உதைப்பதும், அதற்குப் பிறகு நடப்பதும் அதே வழியாகத்தான் வரும்.

எவ்வளவு வரும் என்பதற்கு ஒலியியலில் கணக்கு இருக்கிறது. நன்றாகப் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் ஒலியைத் தடுக்கும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு மாறும் என்பதால், 50 டெசிபல் தடுப்பது என்றால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் அப்பால் விடுவது. சுவர் என்றால் அதுவல்லவா சுவர்! ஆனால் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், கோட்டைச் சுவரேயானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் வெறும் 10 டெசிபல்தான். லயத்துச் சுவரின் உச்சியில் கிடக்கும் ஒரு முழ இடைவெளி ஏறக்குறைய அந்தப் பத்தில் ஒரு பங்கு. ஒருத்தி 85 டெசிபலில் அலறினால் பக்கத்துக் காம்பராவில் அது 75 டெசிபலாக விழும். எதிரே நிற்கிறவர் குரலை உயர்த்திப் பேசினால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

கேட்காத இரவுகளும் உண்டு. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஆனி ஆடியில் மழை பிடித்தால் தகரம் முழுக்க ஆயிரம் தப்புப் பறை அடிப்பது போல் இருக்கும். ஓர் இரைச்சல் இன்னொரு சத்தத்தை விழுங்கிவிடும், இதற்கு மறைப்பு என்று பெயர். அந்த இரவுகளில் என்ன நடந்தது என்பது காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்தான் தெரியும்.

"என்னாடி மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?"

"விறகுக்குப் போன எடத்துல வழுக்கிட்டேன் மதினி."

"பாத்துப் போகக் கூடாதா? பாதையெல்லாம் ஈரமாக் கெடக்கு."

கேட்டவளுக்கு உண்மை தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது சொன்னவளுக்கும் தெரியும். குடம் நிரம்பிவிட்டது, காலைப் பிரட்டுக் கணக்கெடுப்புக்கு நேரமாகிவிட்டது, இருவரும் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து நிரை பிடிக்கப் போகிறார்கள்.

இதைத் தமிழில் ஊரறிந்த ரகசியம் என்போம். யோசித்தால் விசித்திரமான சொற்சேர்க்கை. ஊருக்கே தெரிந்தது எப்படி ரகசியமாக இருக்க முடியும்?

இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் ஒரு முறையேனும் துணையிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். துணையின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பொலிஸ், ஆஸ்பத்திரி என்று எந்த வாசலுக்கும் போகவில்லை. வெட்கம், தன்னையே குறை சொல்வார்கள் என்ற பயம், இதெல்லாம் சகஜம்தானே என்ற எண்ணம் ஆகியவை காரணங்கள். கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். சகஜம் என்பது ஒருத்தி தனியாக முடிவு செய்யும் விஷயமல்ல. ஊர் அப்படி நினைக்கிறது என்று அவள் நினைக்கிறாள்.

ஊர் உண்மையில் என்ன நினைக்கிறது? அமெரிக்காவில் ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் டேனியல் காட்ஸும் 1931இலேயே இந்தப் புதிரைத் தொட்டார்கள். ஒரு வழக்கத்தைக் கூட்டத்தில் உள்ள பலரும் உள்ளூர வெறுக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் வாய்மூடி இருப்பதைப் பார்த்து, அவர்களுக்கு இது சம்மதம் போலும் என்று கணக்குப் போடுகிறார்கள். தன் மௌனத்துக்குக் காரணம் பயம் என்று தெரிந்தவர், அடுத்தவர் மௌனத்துக்கு மட்டும் சம்மதம் என்று பொருள் கொள்கிறார். பன்னிரண்டு காம்பராவிலும் பன்னிரண்டு பேர் விழித்துக் கிடந்து, மற்றப் பதினொருவரும் தூங்குவதாக நினைப்பது போல.

இந்தக் கணக்கு தப்பு என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அறிய ஒரு வழிதான் உண்டு. எல்லாரும் இருக்கும் இடத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் அது வெளியே வரவேண்டும். அப்போதுதான் எனக்குத் தெரியும் என்பதோடு, உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்ற நிலை வரும். தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1969இல் இந்த நிலைக்கு இலக்கணம் வகுத்தார். அவர் வைத்த ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் போட்டிப் பரீட்சைப் பொது அறிவு வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: அம்பலம். ஊர் கூடும் பொதுமன்றத்துக்கும் அதுதான் பெயர், ரகசியம் உடைவதற்கும் அதுதான் பெயர். சிங்களத்தில் வழிப்போக்கர் தங்கும் மடத்தை அம்பலம என்கிறார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பழமொழி சொன்னவருக்கு டேவிட் லூயிஸைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் நடக்கும் அடியைப் பற்றி உலகெங்கும் பெண்கள் செய்த நிகழ்த்துகலையையும் வீடியோவையும் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பார்க்கப் போகிறேன். அவை அம்பலங்கள். சில நன்றாகக் கட்டியவை, சில ஒழுகுபவை.

முதலில் கலைஞர்கள் செய்யாத ஒரு நாடகம். 1976இல் லான்ஸ் ஷாட்லண்ட், மார்கரெட் ஸ்ட்ரா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆணையும் பெண்ணையும் சண்டை போட வைத்தார்கள். அவன் அவளைப் பிடித்து உலுக்குகிறான், அவள் திமிறிக் கத்துகிறாள். இது நடிப்பு என்று தெரியாதவர்கள் பக்கத்து அறையில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சில தடவை அவள், உன்னை யாரென்றே எனக்குத் தெரியாது என்று கத்தினாள். சில தடவை, உன்னை ஏன்தான் கட்டிக்கொண்டேனோ என்று கத்தினாள். மற்றதெல்லாம் அச்சாக ஒன்றே. முதல் வாக்கியத்தைக் கேட்டவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். இரண்டாவதைக் கேட்டவர்களில் 19 சதவீதம் பேர்.

ஒரே அலறல், ஒரே கை. மாறியது உறவு மட்டும். புருஷன் பொஞ்சாதி சண்டையில் நாம போய்த் தலையிடக் கூடாது என்று எந்த லயத்திலும் கேட்கும் வாக்கியம், பல்கலைக்கழகக் கட்டடத்தில் நாற்பத்தாறு சதவீதப் புள்ளி எடை கொண்டிருக்கிறது.

அதற்கு மூன்று வருடம் முந்தி, 1973இல், அயோவா பல்கலைக்கழகத்தில் அனா மெண்டியெத்தா என்ற கியூபப் பெண் கலை படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து ஹவானாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். அந்த வருடம் அதே பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவி கொல்லப்பட்டாள். மெண்டியெத்தா செய்தது இது: தெருவோரமாக இருந்த ஒரு கட்டடத்தின் வாசலில், கதவுக்கடியிலிருந்து கசிந்து வழிவது போல மிருக இரத்தத்தையும் சதையையும் கொட்டினார். பிறகு எட்ட நின்ற காருக்குள் உட்கார்ந்து சிறிய சூப்பர் 8 கமராவால் நடைபாதையைப் படமெடுத்தார்.

சில நிமிடப் படம்தான். ஒருவர் கீழே பார்க்கிறார், நடக்கிறார். குடை வைத்திருக்கும் பெண் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு நகர்கிறார். ஒருவர் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கிறார், போகிறார். யாரும் கதவைத் தட்டவில்லை. கடைசியில் ஓர் ஆள் வெளியே வந்து அதைக் கூட்டி அள்ளி ஒரு பெட்டியில் போடுகிறார். வாசல் சுத்தம்.

படம் யாரைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? கதவுக்கு உள்ளே யாருமே இல்லை. கமரா முழுநேரமும் பார்ப்பது பீலிக்கரையைத்தான். விறகுக்குப் போன இடத்தில் வழுக்கினேன் என்ற பொய்யை ஏற்றுக்கொண்டு குடத்தைத் தூக்கும் நம் முகத்தை. அடிபட்டவளின் உடம்பைக் காட்டிக் காட்டியே அலுத்துப்போன ஒரு கலைவகையில், இதை நான் தலையாயதாக வைப்பேன்.

அதே 1973இல், பூமத்திய ரேகைக்குத் தெற்கே, பெருவில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. பிரேசிலின் இராணுவ ஆட்சி சிறையிலடைத்துப் பின் நாடு கடத்திய நாடகக்காரர் அகஸ்தோ போவால், பெருவின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊர்ப் பிரச்சினையை நடிகர்கள் நடிப்பார்கள், சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்துவார்கள், பார்வையாளர்கள் சொல்லும் தீர்வையெல்லாம் நடித்துக் காட்டுவார்கள். அதுவரை அவருடைய முறை அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு பெண் தன் கதையோடு வந்தாள். வீடு கட்டுகிறேன் என்று சொல்லிப் புருஷன் அவளிடம் மாதாமாதம் பணம் வாங்கினான். பதிலுக்கு ரசீது என்று சில கடதாசிகளைக் கொடுத்தான், வாசனை பூசிய கடதாசிகள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பத்திரமாக வைத்திருந்தாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவை அவனுடைய இன்னொருத்தி எழுதிய காதல் கடிதங்கள். மறுநாள் அவன் வருகிறான். நான் என்ன செய்ய?

நாடகமாகப் போட்டார்கள். அழ வேண்டும் என்றார் ஒருவர், வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றார் இன்னொருவர். வாட்டசாட்டமான உருவத்தோடு ஒரு பெண் முன்வரிசையில் கொதித்துக்கொண்டிருந்தாள். அவனோடு தெளிவாகப் பேச வேண்டும் என்றாள். நடிகை தெளிவாகப் பேசினாள். இது இல்லை, இன்னும் தெளிவாக. மறுபடி நடித்தார்கள். இதுவும் இல்லை. பொறுமையிழந்த போவால், நீங்களே மேலே வந்து காட்டுங்கள் என்றார். அவள் ஏறினாள். விளக்குமாற்றுக் கட்டையை எடுத்தாள், புருஷனாக நடித்த அப்பாவி நடிகரை வெளுத்து வாங்கினாள், பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேசி முடித்தாகிவிட்டது, போய்ச் சாப்பாடு எடுத்து வா என்றாள்.

அடிக்கு அடி என்பது அந்த நாளின் பாடமல்ல, போவாலும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்டது வேறு. பார்க்கிறவளின் மனதில் உள்ளதை எந்த நடிகையாலும் நடித்துவிட முடியாது. அன்று முதல் பார்வையாளர்களை மேடைக்கே வரவிட்டார். மன்ற நாடகம் என்று இன்று உலகெங்கும் நடப்பதன் பிறப்புக் கதை இதுதான். மன்றம் என்றாலும் அம்பலம்தானே.

வீடியோவுக்கும் இப்படி ஒரு வீட்டுக்காரி உண்டு. மார்த்தா ரோஸ்லரின் 1975ஆம் ஆண்டு ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அவரே ஒரு சமையலறையில் நின்று ஆங்கில அரிச்சுவடி வரிசையில் பாத்திரம் பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். முகத்தில் சலனமே இல்லை. கை மட்டும் ஒவ்வொன்றையும் வெட்டுகிற மாதிரி, குத்துகிற மாதிரி, வீசுகிற மாதிரி பிடிக்கிறது. தமிழில் யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று பலமுறை நினைத்ததுண்டு. அ அரிவாள்மனை. ஆ ஆட்டுக்கல். இ இடியப்ப உரல். ஈ ஈர்க்குமாறு. உ உலக்கை. ஊ ஊதுகுழல், அடுப்பூத வைத்திருக்கும் அந்த இரும்புக் குழாய் எத்தனை முதுகில் விழுந்திருக்கிறது என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். உயிரெழுத்து முடிவதற்குள் சமையலறை முழுக்க ஆயுதக் கிடங்காகிவிடும்.

ஆனால் ரோஸ்லர் படத்தை இருட்டறையில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறோம். கெட்டிக்காரத்தனத்தை மெச்சிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அம்பலம் ஒழுகும் இடம் அது.

இந்தியாவில் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 2008இல் தொடங்கிய பெல் பஜாவோ விளம்பரப் படங்கள் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தன. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வீட்டுக்குள்ளிருந்து அடி விழும் சத்தம். ஒருவன் போய் அழைப்பு மணியை அழுத்துகிறான். கதவைத் திறக்கும் ஆளிடம், பந்து விழுந்ததா என்று கேட்கிறான். பந்து இவன் கையில் இருக்கிறது. இன்னொரு படத்தில் ஒருவர் கொஞ்சம் பால் கேட்கிறார். வேறொன்றுமில்லை. உபதேசம் கிடையாது, சண்டை கிடையாது. எனக்குக் கேட்கிறது என்பது உனக்கும் தெரியட்டும், அவ்வளவுதான். தொலைக்காட்சியோடு நிற்காமல் வீடியோ வண்டிகளில் ஊர் ஊராகவும் கொண்டுபோனார்கள்.

லயத்தில் பெல் இல்லை என்பது உண்மைதான். சீனி உண்டு. மதினி, ஒரு கரண்டி சீனி இருக்கா என்று இரவு ஒன்பது மணிக்கு இஸ்தோப்பில் நின்று கேட்க எந்த மின்சாரமும் வேண்டாம்.

இவையெல்லாம் உண்மையில் வேலை செய்கின்றனவா? கலைஞர்களுக்குப் பிடிக்காத கேள்வி, அறிவியல் கட்டுரையில் கேட்காமல் விட முடியாது. டொனால்ட் கிரீன், அன்னா வில்கே, ஜாஸ்பர் கூப்பர் மூவரும் உகாண்டாவில் 112 கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். கிராமத்து வீடியோக் கொட்டகைகளில் இலவசமாகச் சினிமா காட்டி, இடையில் சில ஊர்களில் மட்டும் குடும்ப வன்முறை பற்றிய குறும்படங்களைப் போட்டார்கள். அடி விழுவது எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காமல், கடைசியில் ஒருத்தி செத்துப்போகும் கதை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவு எதிர்பாராதது. மனைவியை அடிப்பது சரியா தவறா என்பதில் மக்கள் கருத்து பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு. பக்கத்து வீட்டில் நடப்பதைப் போய்ச் சொன்னால் நம்மைப் புறம் பேசுகிறவள் என்பார்களோ என்ற அச்சம் பெண்களிடம் குறைந்தது. சொல்லத் தயாரானவர்கள் கூடினார்கள். படம் பார்த்த ஊர்களில், மாதங்கள் கழித்து விசாரித்தபோது, வீட்டுக்குள் வன்முறையும் குறைந்திருந்தது.

மனதை மாற்றாமலே நடத்தை மாறிவிட்டது. மாறியது ஊரைப் பற்றிய கணக்கு.

இதைவிடக் கூர்மையான சோதனை மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் நடந்தது. சான் பார்தலோமே கியலானா ஒரு மலைக்கிராமம். பெண்கள் மீதான வன்முறை பற்றி ஊர் வானொலிக்கு ஒரு தொடர் நாடகம் தயாரானது. மலை மறைத்ததால் ஊரின் ஒரு பகுதிக்கு அலை எட்டவில்லை. நம் பக்கத்து ரேடியோக்கள் நினைவிருப்பவர்களுக்கு இந்த வேதனை புரியும். ஆய்வாளர் எரிக் ஏரியாஸ் அந்த மலையைப் பயன்படுத்திக்கொண்டார். அலை எட்டாத பகுதியில் சிலரை வீட்டில் தனியாக அதே நாடகத்தைக் குறுந்தட்டில் கேட்க வைத்தார், சிலரை ஒன்றாகக் கூட்டிக் கேட்க வைத்தார். நாடகம் ஒன்று, வசனம் ஒன்று, குரல் ஒன்று. தனியாகக் கேட்டவர்களிடம் சொல்லும்படி மாற்றமில்லை. மற்றவர்களும் கேட்கிறார்கள் என்று தெரிந்து கேட்டவர்களிடம் வன்முறைக்கு எதிர்ப்புக் கூடியது. 2019இல் அவர் இதை வெளியிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் பொட்டல் நினைவுக்கு வந்தது. கைத்தொலைபேசியில் ஆளுக்கொரு படமாகப் பார்க்கும் இன்றைய லயத்துக்கு, குறும்படம் அனுப்பிவிட்டால் விழிப்புணர்வு வந்துவிடும் என்று நம்பும் திட்டங்கள் எத்தனை! ஆனால் மலையக மக்கள் கூடிக் கேட்பதன் அறிவியலைக் கப்பலேறி வரும்போதே கொண்டு வந்துவிட்டார்கள். பிரட்டுக்கு அழைத்ததும் தப்புப் பறைதான், சாவைச் சொன்னதும் தப்புப் பறைதான். மாசி வளர்பிறையில் பொட்டலில் காமன் ஊன்றுவதற்கும் அதே தப்புதான். ஒரே அடியில் தோட்டம் முழுவதற்கும் கேட்கும், எல்லாருக்கும் கேட்டது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

காமன் கூத்தில் நடிப்பவர்கள் தோட்டத்துத் தொழிலாளிகள். பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மன்மதன். பல நாள் இரவுகள் நடந்து பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள், பின் எழுப்புவார்கள். அதன் உயிர்நாடி ரதிக்கும் மன்மதனுக்கும் நடக்கும் வாக்குவாதம். தவத்திலிருக்கும் சிவன்மேல் அம்பு விடப் போகாதீர்கள், எரிந்து போவீர்கள் என்று ரதி தடுக்கிறாள். அவன் கேட்பதில்லை. பெண் சொல்லுக்கு மதிப்பில்லாத ஒரு வீட்டுச் சண்டை, தேவலோகத்து உடுப்போடு. அவன் போகிறான், எரிகிறான். ரதி தாலியறுத்துப் புலம்பும்போது பொட்டலில் அழாத பெண் இருக்க மாட்டாள். வழக்கமாக ரதி வேடம் கட்டுவது ஓர் ஆண். ஒரு பெண்ணின் வார்த்தை கேட்கப்படாமல் போனதற்காக ஊர் முழுக்கச் சேர்ந்து அழும் ஓர் இரவு வருடத்துக்கொரு முறை மலையகத்துக்கு வாய்த்திருக்கிறது, அந்த அழுகையை ஓர் ஆண் தன் தொண்டையில் சுமக்கிறான். இதற்கு மேல் எந்த நிகழ்த்துகலைக்காரருக்கு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும்தான். கூத்தில் ரதி வருடாவருடம் தோற்கிறாள். எழுந்து போய் நிறுத்து என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

மேடையேறிப் பேசிய பெண்கள் இங்கே இல்லாமலில்லை. 1930, 40களில் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டால் கூட்டம் சேர்த்தார். பாட்டைக் கேட்க வந்தவர்கள் நின்று பேச்சையும் கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளரான மேனகா கந்தசாமி தோட்டப் பெண்களின் வீட்டு நெருக்கடியைத் தொழிற்சங்கப் பேச்சுக்குள் கொண்டு வந்தவர்களில் ஒருவர். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் பெண்கள் பாட்டும் நாடகமுமாகத் தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையான பதினாறு நாள் இயக்கத்தின்போது மலையகத்திலும் வீதி நாடகம் போடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை குடிகாரப் புருஷன், அழும் மனைவி, கடைசியில் அறிவுரை சொல்லும் ஓர் அதிகாரி என்று முடிந்துவிடுவதுதான் என் குறை. அதிகாரி வாயைத் திறந்ததும் பொட்டலில் பாதிப்பேர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார்கள்.

போவால் முறையில் ஒரு தோட்ட டிவிஷனில் இந்த நாடகத்தைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். கொழுந்து நிறுத்து முடிந்த மாலை, பொட்டலில் இரண்டு பெஞ்சு, ஒரு கூடை, ஒரு சாக்குத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு காம்பரா, அந்தப் பக்கம் ஒரு காம்பரா. சம்பளநாள். வேலை செய்து பெயர் போட்டவள் அவள், காசை வாங்கியவன் அவன். சத்தம் உயர்கிறது, கை ஓங்குகிறது, கட்டியக்காரன் கைதட்டுகிறான். நிறுத்து. இப்போது யார் வருகிறீர்கள்?

ஒருத்தி வந்து மனைவியின் இடத்தில் நிற்பாள், பொலிஸுக்குப் போவாள். பொலிஸ்காரராக நடிப்பவர் சிங்களத்தில் கேள்வி கேட்பார், வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதுவார், கையெழுத்துப் போடு என்பார். பொட்டல் சிரிக்கும், எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்னொருத்தி வந்து தோட்டத் தலைவரிடம் போவாள். தலைவர், சமாதானமாப் போங்க என்பார். மூன்றாவது ஆள் எழுந்து வந்து மனைவியைத் தொடாமல், திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால்? பக்கத்துக் காம்பராக்காரியை எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் தான் இருந்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சீனி கேட்கப் புறப்பட்டால்? என் கணக்கில் நாடகம் அங்கேதான் தொடங்குகிறது. அடிபடுகிறவளே இன்னும் தைரியமாக இருக்க வேண்டும் என்று அவள் தலையிலேயே பாரத்தை ஏற்றுவதைவிட இது நியாயமும்கூட.

மேற்கு வங்கத்தில் சஞ்சய் கங்கூலி 1985இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி இப்படித்தான் கிராமம் கிராமமாக மன்ற நாடகம் போட்டு வருகிறது. அவர்கள் தொடர்ந்து வேலை செய்த கிராமங்களை மற்றவற்றோடு ஒப்பிட்ட பொருளியலாளர்கள், மனைவிமார் மீதான வன்முறை அங்கே குறைவு என்று கண்டார்கள். அவர்கள் ஓர் ஊருக்கு ஒரு தடவை போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அல்ல. மீண்டும் மீண்டும் அதே ஊருக்குப் போகிறவர்கள்.

ஆபத்தும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பொட்டலில் மேடையேறியவள் இரவு அதே காம்பராவுக்குத்தான் திரும்பிப் போகிறாள். ஊர் முன்னால் என்னை அவமானப்படுத்தினாயா என்று அவன் கேட்டால் அங்கே கட்டியக்காரன் இல்லை. ஆகவே நாடகம் போடுகிறவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தச் சட்டப்படி நீதவான் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். பாதிக்கப்பட்டவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கவும் முடியும். நல்ல சட்டம், அட்டன் நீதிமன்றப் படிவரை வந்து சேர்கிறவளுக்கு.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே தகரத்தின் கீழ் இனி வாழ முடியாது என்று மலையகம் பல காலமாகக் கேட்டது. இப்போது சிறு காணிகளில் தனித்தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியில் நாலாயிரம் வீடு, அதற்குமேல் இன்னும் பத்தாயிரம் என்று 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்தார். யாராலும் மறுக்க முடியாத உரிமை இது, இருநூறு வருடம் தாமதித்து வந்தது. அந்த வீடுகளின் சுவர் கூரை வரை போகிறது. 50 டெசிபல். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வாழை, கொஞ்சம் கீரைப்பாத்தி, ஒரு வேலி. பக்கத்தில் கருவாடு சுட்டால் மணக்காது, பிள்ளை இருமினால் கேட்காது. பீலிக்கரையும் இல்லை, வாசலிலேயே குழாய்.

அங்கே குடியேறிய மதினிக்கு இரவு ஒன்பது மணிக்குச் சீனி தீர வேண்டுமானால், வேலியைச் சுற்றி, படியேறி, அடைத்த கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.